ஈரக் கை

தாயி, ஒரு உபகாரம். தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. அய்யாவுக்கு ஊட்டி முடிச்சதும் எனக்கும் நாலு வாய் ஊட்டி விடுதீங்களா? இந்தா, தட்டுல சோறு கெடக்கு. ஆஸ்பத்திரிச் சோறுதான். சாம்பார ஊத்தி வச்சிட்டுப் போயிட்டா அந்த ஆயா. இவன் எப்படித் திம்பான்னு ஒரு வார்த்தை கேக்கல. என் வலது கையப் பாருங்க. விரல்ல இருந்து முழங்கை வரைக்கும் துணியச் சுத்தி வச்சிருக்காவ. இத வச்சுக்கிட்டு சோத்தப் பெசைய முடியுமா?

இடது கை இருக்கேங்கீங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க. கால் கழுவுத கையப் போயி சோத்துல வைக்கச் சொல்லுதீங்களே. நர்சம்மா ஸ்பூனு கொண்டாந்து குடுத்தாவ. ஸ்பூனையும் அந்தக் கையிலதானே பிடிக்கணும்? வேண்டாம்னுட்டேன். நேத்து வரைக்கும் மூலைக் கட்டில்காரரு மகன் பாவம், இட்லியப் பிச்சு வாயில வச்சாரு. இன்னைக்குக் காலையில அவிய வீட்டுக்குப் போயிட்டாவ. எனக்கு வயிறு காந்துது.

நீங்க மெதுவா ஊட்டுங்க, அவசரம் இல்ல. அப்பாவா? மாமனாரா! மாமனாருக்கா இப்படி ஊட்டுதீங்க? மகராசியா இருங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தி இருக்கா. பேரு செண்பகவல்லி. நான் இங்க கெடக்கது அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல. எப்படிப் பாப்பா? இதச் செஞ்சதே அவதான்.

என்ன அப்படி முழிக்கீங்க? ஆமா, கட்டின பெண்டாட்டிதான். மெதுவாப் பேசுவோம், எதுத்த கட்டில்காரன் இங்கயே காத வச்சிருக்கான். போலீஸ்காரரு வந்து கேட்டப்ப நான் வேற மாதிரி சொல்லிட்டேன். அடுப்படியில வழுக்கி விழுந்தேன், எண்ணெய்ச் சட்டி சரிஞ்சிட்டுன்னு சொன்னேன். பெறவு என்னத்தச் சொல்ல? பெண்டாட்டி என் கைய வேக வச்சிட்டான்னு ஒரு ஆம்பிள வாயத் தொறந்து சொல்ல முடியுமா? நாளைக்கு நான் ஊருக்குள்ள நடமாட வேண்டாமா?

சுட்டது கூடப் பெரிசில்ல தாயி. ஆம்பிளைக்குச் சூடு என்ன, காயம் என்ன. தீப்பெட்டி ஆபீசுல வேல பாத்தவன் நான். ஆனா அவ சட்டியத் தூக்கினது பீச்சாங்கையால. புருசன் மேல பீச்சாங்கைய ஓங்கலாமா? நீங்களே சொல்லுங்க. அதத்தான் மனசு தாங்க மாட்டேங்கு.

மொதல்ல இருந்து சொல்லுதேன், கேளுங்க. கேட்டுட்டு யார் மேல நியாயம்னு சொல்லுங்க.

என் பேரு கோமதிநாயகம். கோமதி ஊறுகாய் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம பக்கத்துப் பலசரக்குக் கடையில எல்லாம் கெடக்கும், பாட்டில் மூடி மேல பூப்போட்ட துணியில குல்லா மாட்டி. தெரியுமா? பாத்தீங்களா, தெரியாதவுக கெடையாது. அந்தக் கோமதி நான்தான். எல்லாவனும் பொம்பளப் பேருன்னு நெனைக்கான். போனப் போட்டு, "கோமதி அக்கா இருக்காங்களா?"ன்னு கேப்பான். "கோமதி அண்ணாச்சிதாம்ல பேசுதேன்"னு ஒரு சத்தம் போடுவேன். கம்பெனிக்கு என் பேர வைக்காம யாரு பேர வைக்க? ஊறுகாயப் போடுதது அவதான், நான் இல்லங்கல. மாடு பால் குடுக்குன்னு பால் கடைக்கு மாட்டுப் பேரையா வைக்காவ?

முன்ன நான் தீப்பெட்டி ஆபீசுல வாட்ச்மேனா இருந்தேன். மேனேஜர் ஒருநாள் ஒரு சொல்லு சொன்னான். கன்னத்துல ஒண்ணு விட்டேன். பெறவு அந்தப் பக்கம் போகல. எனக்கு முன்கோவம் ஜாஸ்தி தாயி, அத மறைக்க மாட்டேன். ஆனா மனசுல ஒண்ணையும் வச்சுக்கிட மாட்டேன். அடிச்சா அடிச்சதோட முடிஞ்சு போச்சு. இவளோட நோக்காடு என்னன்னா, மனசுலயே வச்சுக்கிட்டு இருப்பா.

வேல போன பெறவுதான் இந்த ஊறுகா யோசன வந்தது. அவ சும்மா வீட்டுக்குப் போட்டு, அக்கம்பக்கத்துல கிண்ணத்துல குடுத்துக்கிட்டு இருந்தா. ஓசியில நக்கிட்டு ஆஹா ஓஹோம்பாவ. நான்தான் பாட்டில்ல அடைச்சுக் கடை கடையா ஏறி எறங்கினேன். வெட்டு மாங்காயில அவள அடிச்சுக்கிட ஆள் கெடையாது தாயி. ராசியான கை. அத நான் எங்கயும் சொல்லுவேன். இப்பவும் சொல்லுதேன்.

ஆனா அவ பண்ணுத சேட்டையப் பாக்கணுமே. மாங்காயக் கழுவி, ஒவ்வொண்ணாத் தொடச்சு, வெயில்ல காய வைப்பா. ஜாடியக் கழுவி வெயில்ல கவுத்து வைப்பா. மரக்கரண்டியும் காயணும். கடைசியில அவ கையையே அடுப்புக்கு நேரா நீட்டிக் காய வச்சுக்கிட்டுத்தான் ஜாடிக்குள்ள விடுவா. ஒரு பொட்டு ஈரம் பட்டாலும் ஜாடி முழுக்கப் பூஞ்சை பூத்திரும்பா. நல்லெண்ணெயக் காய்ச்சினா உடனே ஊத்த மாட்டா. தொட்டுத் தொட்டுப் பாப்பா. நல்லா ஆறிப் பச்சத்தண்ணியா ஆன பெறவுதான் ஊத்துவா. சூடா ஊத்தினா காய் வெந்து கொழைஞ்சிருமாம். பெறவு ஜாடி வாயில வெள்ளத் துணியால வேடு கட்டி, மூலையில வச்சிருவா. சாமிய வச்ச மாதிரி. ஒருத்தரும் தொடக் கூடாது.

கேளுங்க, என்னையே தொடக் கூடாதும்பா! "ஈரக் கைய வைக்காதீங்க, ஈரக் கைய வைக்காதீங்க"ன்னு காக்கா கத்துத மாதிரி கத்துவா. மொதலாளிக்கே சட்டம் போடுதா பாத்துக்கிடுங்க. எனக்குப் பொழுது சாயும்போது ரெண்டு கிளாசு போடணும். கடை கடையா அலையுதோம்லா, ஒடம்பு வலிக்கி. அதுக்குத் தொட்டுக்கிட வெஞ்சனமா ஒரு துண்டு மாங்காய் இருந்தாத்தான் உள்ள எறங்கும். நான் ஒண்ணும் அழுக்குக் கைய வைக்கிறவன் இல்ல. நான் சுத்தம் பாக்குத ஆளு. கிளாசக் கழுவி, கையக் கழுவி, அப்படியே போயி ஜாடி வேட்ட அவுத்து ஒரு கை அள்ளுவேன். அவ பின்வாசல்ல பாத்திரம் தேச்சுக்கிட்டு இருப்பா, அவளுக்குத் தெரியாது. தெனமும்தான். கழுவின கைதானே, அதுல என்ன தோசம்?

அய்யாவுக்கு இருமல் வருது பாருங்க, தண்ணி குடுங்க. ம். இப்ப தேவலயா?

அந்தத் துணிக் குல்லா சொன்னேம்லா, அதுவும் அவ வேலதான். அவ அம்மா வீட்டுல இருந்து கொண்டாந்த தையல் மெஷின் ஒண்ணு கெடக்கு. தெருவுல ஜாக்கெட்டு தைக்கிறவக கிட்ட மிச்சம் விழுத துண்டுத் துணிய வாங்கியாந்து, வட்டமா வெட்டி, எலாஸ்டிக் வச்சுச் சுருக்கிக் குல்லா தச்சிருவா. பாட்டில் ஒவ்வொண்ணும் கவுன் போட்ட சின்னப் பிள்ள மாதிரி இருக்கும். குல்லாவுக்காகவே வாங்குதவக உண்டு. நல்ல யோசன, நானும் ஒத்துக்கிட்டேன்.

ஒருநா ஒரு கடைக்காரர் சொல்லுதாரு. "அண்ணாச்சி, 'செ' போட்ட பாட்டிலா அனுப்புங்க, சனங்க அதத்தான் கேக்காவ." எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்ன 'செ'? குல்லாவக் கழட்டிக் காட்டுதாரு. ஓரத்துல, மடிப்புக்குப் பக்கத்துல, செவப்பு நூலால சின்னதா ஒரு 'செ'. செண்பகவல்லிக்குச் 'செ'. என் பாட்டிலு, என் லேபிலு, அது தலையில அவ பேரு! சனங்க என்னடான்னா 'செ' ஊறுகாய்ங்காவ. அன்னைக்கு அந்தக் கடை வாசல்ல நின்னப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்?

வீட்டுக்கு வந்தேன். மெஷின்ல உக்காந்து மிதிச்சுக்கிட்டு இருக்கா. முடியப் பிடிச்சு ஒரு இழுப்பு. மொகம் போயி மெஷின் சக்கரத்துல முட்டிட்டு. கைய எடுக்கத் தெரியாம ஊசிக்கு நேரா வச்சுக்கிட்டா, ஊசி விரல்ல எறங்கி அந்தப் பக்கம் வந்திட்டு. அதுக்கு நான் என்ன செய்ய? நான் முடியத்தான பிடிச்சேன். மிதிச்சது அவ கால். பெறவு ரெண்டு கன்னத்துலயும் குடுத்தேன். கத்திரிக்கோல எடுத்து இருந்த குல்லா அம்புட்டையும் நறுக்கிப் போட்டேன். "இனிமே 'கோ'ன்னு தைக்கணும்"னு சொல்லி, முன்னால நின்னு தைக்க வச்சேன். விரல்ல துணியச் சுத்திக்கிட்டு தச்சா. மொத 'கோ' கோணலா வந்துது. அதுக்கு ஒரு சாத்து சாத்தினேன். அடுத்தது நேரா வந்துது. சொன்னாக் கேக்க மாட்டா தாயி, பட்டாத்தான் திருந்துவா. அவ சுபாவம் அது.

நீங்க ஏன் கரண்டியக் கீழ வச்சிட்டீங்க? அய்யா வாயத் தொறந்துக்கிட்டு இருக்காரு பாருங்க. ஊட்டுங்க, ஊட்டுங்க.

பெறவுதான் பெரிய ஆர்டர் வந்துது. கல்யாண சமையல் எடுக்குத ஒருத்தரு, பெரிய கை. நம்ம சரக்க ருசி பாத்துட்டு, "வருசம் முழுக்க என் பந்தியில உங்க ஊறுகாய்தான்"னு சொல்லிட்டாரு. ஆனா மனுசன் நேர்ல வந்து ஜாடியப் பாக்கணும்னாரு. வாங்கன்னேன். வெள்ள வேட்டி கட்டி, பவுடர் போட்டு நின்னேன். இதுதான் தாயி என் வாழ்க்கை. அந்த ஆர்டர் மட்டும் கெடைச்சிருந்தா இன்னைக்கு நான் தனி ரூமுல படுத்திருப்பேன்.

அவரு வந்தாரு. பெரிய ஜாடியோட வேட்ட நானே அவுத்தேன். மேல எல்லாம் வெள்ள வெள்ளயா படந்து கெடக்கு. பூஞ்சை. அவரு மூக்கப் பொத்திக்கிட்டாரு. "மனுசன் வாயில வைக்குத பொருளாய்யா இது?"ன்னு கேட்டாரு. குடுத்த காப்பியக் கூட குடிக்கல. படியில எறங்கும்போது எச்சியத் துப்பினாரு. எங்க வாசல்ல துப்பினாரு தாயி!

அடுத்த ஜாடியப் பாத்தா அதுலயும் பூத்திருக்கு. தெருப் பொம்பளைக எல்லாம் கூடிட்டாளுவ. "கைராசி போயிட்டு, அந்தக் கை இனி வெளங்காது"ன்னு ஒருத்தி சொன்னா. எனக்கும் அதுதான் பட்டுது. சில கை அப்படித்தான், கொஞ்ச நாள் நல்லா இருந்துட்டுக் கெட்டுப் போயிரும். இவ என்ன சொல்லணும்? "தப்பாப் போச்சுங்க"ன்னு கால்ல விழணும்லா? "ஈரம் பட்டிருக்கு"ங்கா. சொல்லிட்டு என்னப் பாத்தா. பாத்துக்கிட்டே நின்னா. என்ன திமிரு இருந்தா அந்த நேரத்துல புருசன் மொகத்தப் பாப்பா!

மரக்கரண்டி கையில இருந்துது. அதாலதான் மொதல்ல போட்டேன். முதுகுல, தோள்ல, எங்க பட்டுச்சோ. கரண்டி ரெண்டா ஒடஞ்சிட்டு. நல்ல கரண்டி தாயி, வேம்புல செஞ்சது, அந்த மாதிரி இப்பக் கெடைக்காது. அவ தடுக்கேன் தடுக்கேன்னு வலது கைய நீட்டினா. அந்தக் கையப் பாத்ததும்தான் எனக்கு வெறி ஏறிட்டு. என் பொழப்பக் கெடுத்த கை அதுதானே? இழுத்து அம்மி மேல வச்சேன். குழவிய எடுத்து ஒரு தட்டு தட்டினேன். ஒண்ணுதான் தட்டணும்னு நெனைச்சேன். அடுத்தது கோவத்துல விழுந்துட்டு. வெண்டைக்காய ஒடிச்ச மாதிரி ஒரு சத்தம் கேட்டுது. அவகிட்ட இருந்து ஒரு சத்தமும் வரல. கல்நெஞ்சுக்காரி.

நானேதான் ஆட்டோ பிடிச்சு இங்க கூட்டியாந்தேன். அத எழுதி வச்சுக்கிடுங்க. அடிக்கிறவன் எவன் ஆட்டோ பிடிக்கான்? பொம்பள வார்டு மாடியில இருக்கு, அங்கதான் சேத்தேன். டாக்டரம்மா எப்படி ஒடஞ்சுதுன்னு கேட்டாவ. துவைக்கிற கல்லுல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னா. நான் சொல்லியே குடுக்கல! அவளாத்தான் சொன்னா. அதுல மட்டும் நல்ல பொம்பள. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. போயி ஆரஞ்சுப் பழம் வாங்கியாந்து உரிச்சுக் குடுத்தேன்.

கட்டப் பிரிச்சுப் பாத்தா விரல் மடங்கல. நீட்டின விரலு நீட்டினபடி நிக்கி. சரி, இனி ஊறுகாக் கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான்னு நெனைச்சேன். ஒருநா வீட்டுக்குள்ள வாரேன், இவ அரிவாமணையில உக்காந்து மாங்கா வெட்டுதா. எந்தக் கையால? பீச்சாங்கையால! வலது கைய மாங்கா மேல ஒரு கட்டையக் கெடத்தின மாதிரி வச்சு அமுக்கிக்கிட்டு, அந்தக் கையால வெட்டுதா. அந்தக் கையால உப்ப அள்ளிப் போடுதா. அந்தக் கையால கிளறுதா. ஊசியில நூலப் பல்லால பிடிச்சுக் கோக்கா. மொதல்ல எல்லாம் கொட்டும், சிந்தும். விரல வெட்டிக்கிட்டு ரத்தத்தோட நிப்பா. அப்படியே விட்டுட்டா என்னவாம்? விடல. நாளாக நாளாக ரெண்டு கைக்காரி மாதிரி சுத்திச் சுத்தி வேல பாக்கா.

எனக்குக் குமட்டிட்டு. சத்தியமாச் சொல்லுதேன், அன்னையில இருந்து அவ பொங்கின சோத்த நான் தொடல. ரோட்டுக் கடையில பரோட்டாவத் தின்னு தின்னு வயித்துப் புண்ணு வந்ததுதான் மிச்சம். ஆனா சரக்க விக்காம இருக்க முடியுமா? வித்தேன். வாங்குதவனுக்குத் தெரியாதுல்லா. தெரியாமத் தின்னா ஒண்ணும் செய்யாது.

இதுல ஒரு அதிசயத்தக் கேளுங்க. அந்த ஊறுகாய நான் ஒரு துண்டு கூட தொடல. கிளாசு போட்டா வறுகடலையோட நிறுத்திக்கிடுவேன். ஜாடி இருக்கிற பக்கமே போகல. அந்தக் காலம் முழுக்க ஒரு ஜாடி பூக்கணுமே? பூக்கல. ஒண்ணு கூடப் பூக்கல. அப்பவே எனக்குப் புரிஞ்சிட்டு, வலது கையிலதான் கேடு இருந்திருக்கு. நான் தட்டினது நல்லதாப் போச்சு. அவகிட்டயே சொன்னேன். "பாத்தியா, கெட்ட கை ஒழிஞ்சுது, கம்பெனி தழைச்சிட்டு." அவ அடுப்பப் பாத்துக்கிட்டே இருந்தா.

எதுக்குத் தாயி அப்படிப் பாக்கீங்க? நீங்களும் அவள மாதிரியே பாக்கீங்க.

சரி, அந்த நாளுக்கு வாரேன். பட்டப்பகல். ஒரு கடைக்காரன் பாக்கி சரக்கத் திருப்பி விட்டுட்டான்னு வயித்தெரிச்சல்ல பகலுலயே கொஞ்சம் போட்டிருந்தேன். வறுகடலை தீந்துட்டு. வீடு முழுக்க மாங்கா வாசம், வெந்தயப் பொடி வாசம். நாக்குக் கேக்கல தாயி. எத்தன நாள் பொறுக்கும்? பீச்சாங்கைச் சரக்குதான், இருந்தாலும் போகுதுன்னு எந்திரிச்சேன். வழக்கம் போல கிளாசக் கழுவி, கையக் கழுவி, ஜாடிகிட்ட போயி வேட்ட அவுத்து உள்ள விட்டேன்.

அவ அடுப்புகிட்ட நிக்கா. எண்ணெய அப்பத்தான் எறக்கி வச்சிருக்கா, பொக வருது. "கைய எடுங்க, ஈரம்"ங்கா. நான் எடுக்கல. நல்லாப் பெரிய துண்டாப் பாத்து ஒரு கை நெறையப் பிடிச்சுக்கிட்டேன். ஜாடி வாயி குறுகலு. கை நெறைய காய வச்சுக்கிட்டு வெளிய இழுத்தா வரல. இவ கிட்ட வந்து நிக்கா.

"அன்னைக்கும் இந்தக் கைதான். ஜாடியக் கெடுத்தது என் கை இல்ல. இந்த ஈரக் கை"ன்னு சொல்லுதா.

இத்தன நாளு கழிச்சு! எல்லாம் முடிஞ்சு, ஆறி, கம்பெனி நல்லா ஓடுத நேரத்துல, பழச மனசுல வச்சுக்கிட்டுப் பேசுதா பாத்தீங்களா? நான் சொன்னேம்லா, மனசுலயே வச்சுக்கிடுத ஆளுன்னு. எனக்கு எப்படி இருக்கும்? "ஏட்டி, மிச்சம் இருக்குத கையும் போகணுமா? அம்மி அங்கதான் கெடக்கு"ன்னேன். பேச்சுக்குச் சொன்னேன். ஜாடிக்குள்ள கை மாட்டியிருக்கும்போது நான் என்ன செஞ்சிர முடியும்? ஆனா இழுத்துக்கிட்டேதான் இருந்தேன், வந்தா ஒரு சாத்து சாத்தலாம்னு. காய விட்டிருந்தா கை வந்திருக்கும். விடுவேனா? என் வீட்டு ஜாடி, என் வீட்டுக் காய்.

பிடிதுணிய எடுத்தா. பீச்சாங்கையால சட்டியத் தூக்கினா. நிதானமா, சிந்தாம, ஜாடிக்குள்ள ஊத்தினா.

ஆற வைக்கல தாயி. எத்தனையோ வருசமா தொட்டுத் தொட்டுப் பாத்து ஆற வச்சு ஊத்துதவ, அன்னைக்கு ஆற வைக்கல.

நான் போட்ட சத்தத்துல தெருவே கூடியிருக்கணும். தெருக்காரனுக நான் வழக்கமாப் போடுத சத்தம்னு நெனைச்சு வரல. விரலு காயப் பிடிச்சபடியே இறுகிட்டு, விட நெனைச்சாலும் விட முடியல. குதிக்கேன், ஜாடியும் சேந்து குதிக்கி. இவ போயி குழவியத் தூக்கிக்கிட்டு வாரா. என் உசிரு போயிட்டு. தலையிலதான் போடப் போறான்னு கண்ண மூடிட்டேன். ஜாடி மேல போட்டா. ஜாடி தூள் தூளாப் போச்சு. கை வெளிய வந்துது, தோலு ஜாடி ஓட்டுலயே ஒட்டிக்கிட்டு. அப்பக் குனிஞ்சு என் காதுகிட்ட சொல்லுதா. கத்தல, அழல. மருந்து எந்நேரம் குடிக்கணும்னு சொல்லுத மாதிரி சொல்லுதா.

"ஆஸ்பத்திரியில கேட்டா, வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். வேற என்ன செய்ய? அவ சொன்னாளேன்னு சொல்லல தாயி, மானம் போகுமேன்னு சொன்னேன். ஆட்டோவுல தனியாத்தான் வந்தேன். கூட வரல அவ. தரையக் கழுவிக்கிட்டு இருந்தா.

மகளுக்குப் போன் போட்டேன், திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு. எடுக்க மாட்டேங்கா. தெருக்காரன் ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போனான். இவ பாட்டுக்கு மறுநாளே மாங்கா வாங்கிப் போட்டுட்டாளாம். புதுசா லேபிலு அடிக்கக் குடுத்திருக்காளாம். செண்பகம் ஊறுகாயாம். குல்லாவுல மறுபடியும் 'செ' தைக்காளாம். நான் இங்க சாகக் கெடக்கேன், அவளுக்குக் குல்லா கேக்கு!

சரி, அய்யாவுக்கு ஆச்சா? ஏப்பம் விட்டுட்டாரு, பாருங்க. இப்ப எனக்கு ஊட்டுங்க தாயி. ஏன், தட்ட எம் பக்கத்துல தள்ளி வைக்கீங்க? ஊட்ட மாட்டீங்களா? இம்புட்டு நேரம் கதைய மட்டும் கேட்டுக்கிட்டு! பாதிச் சோறு ஆறிப் போச்சு. நல்லது. பொம்பளைக்குப் பொம்பள விட்டுக் குடுக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும்.

வேண்டாம். யாரு தயவும் வேண்டாம். இந்தக் கையாலயே திங்கேன். பசிக்கு முன்னால பீச்சாங்கை என்ன, சோத்தாங்கை என்ன. பாக்காதீங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க. சவம், கொட்டுது. இடுப்புல கட்டியிருக்குத சாரத்துல எல்லாம் சாம்பாரு. இருங்க. ம். இந்தா போகுது. வாய்க்குத்தான் போகுது! ருசி ஒண்ணும் மாறல. பாத்தீங்களா, உருட்டக் கூட வருது. இந்த டம்ளரப் பிடிச்சுப் பாக்கேன். பிடிக்கி. நல்லா இறுக்கமாப் பிடிக்கி.

வலது கை விரலு இனி மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு ஆன மாதிரியேதான். அதச் சொன்ன அன்னைக்கு எனக்கு உலகமே இருண்டு போச்சு. இப்பப் பாத்தா இந்தக் கைக்கு என்ன கொறச்சல்? நல்ல பலம் இருக்கு. இந்தக் கட்டில் கம்பியப் பிடிச்சு ஆட்டுதேன், பாருங்க, கட்டிலே ஆடுது. வெள்ளிக்கிழம வீட்டுக்குப் போகலாம்னு சொல்லியிருக்காவ. வீடு என் பேருலதான் இருக்கு, அவ எங்க போயிருவா? அடுப்படியிலதான் நிப்பா. பீச்சாங்கையில எல்லா வேலையும் பழகிக்கிட்டாள்ளா அவ. நான் பழகிக்கிட மாட்டனா? அவளோட மிச்சக் கையையும் ஒரு வழி பண்ணிட்டுத்தான் மறுவேல.

எங்க எந்திரிச்சிட்டீங்க? அய்யாவுக்கு மோரு வாங்கவா? எனக்கும் ஒரு பாக்கெட்டு சேத்து வாங்கிட்டு வாங்க, உப்புப் போட்டதாப் பாத்து. தாயி. உங்களத்தான் தாயி, கேன்டீனு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போலீஸ் அவுட்போஸ்ட்டுல்லா இருக்கு.